வேகக் காரை வீட்டுக் காராக்குவது: பழைய ஆக்டேவியா ஆர்எஸ் வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

பானெட்டின் மீது ஒரு முறை கையை வைத்துப் பார்த்திருந்தால் எனக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் மிச்சமாகியிருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் பழைய டர்போ செடான் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். விற்பவர் வாசலிலேயே காத்திருந்தார். "வெயிலில் வருகிறீர்களே என்று அரை மணி நேரமாக ஏ.சி. போட்டு வைத்திருக்கிறேன் சார்" என்றார். அந்த உபசரிப்பில் மனம் குளிர்ந்து அன்று மாலையே முன்பணம் கொடுத்துவிட்டேன். கார் வீட்டுக்கு வந்த மறுநாள் காலை ஸ்டார்ட் செய்தபோது, தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கியது போல மூன்று விநாடி சத்தம். எஞ்சினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் சங்கிலியான டைமிங் செயின் தளர்ந்திருந்தது. எஞ்சின் சூடாக இருக்கும்போது அந்தச் சத்தம் வராது. ஏ.சி. எனக்காகப் போடப்படவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

அலுவலகம், பள்ளி, காய்கறிச் சந்தை, மாதம் ஒரு முறை ஊருக்கு என்று எல்லாவற்றுக்கும் ஒரே கார். அதே கார் நெடுஞ்சாலையில் வலது காலை அழுத்தினால் சீறிப் பாயவும் வேண்டும். இந்த ஆசை இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக, ஸ்கோடாவின் ஆக்டேவியா செடானுடைய வேக வடிவமான ஆர்எஸ் காரையே வைத்துக்கொள்கிறேன். இந்தியாவில் இந்த ஆசைக்கு நேராகப் பொருந்தும் கார் அதுதான். வேறு வேகச் செடானைத் தேடுகிறவர்களுக்கும் சோதனை முறையில் பெரிய மாற்றம் இருக்காது.

எந்த ஆர்எஸ்?

இந்தப் பெயர் இந்தியாவுக்குப் புதிதல்ல. 2000களின் நடுவிலேயே முதல் தலைமுறை ஆக்டேவியா, 1.8 லிட்டர் டர்போ எஞ்சினும் 150 குதிரைத்திறனும் ஐந்து கியருமாக விஆர்எஸ் என்ற பெயரில் இங்கே விற்றது. அதற்குப் பிறகு, லாரா என்ற பெயரில் இங்கே விற்ற இரண்டாம் தலைமுறையில் 160 குதிரைத்திறன் கொண்ட லாரா விஆர்எஸ் வந்தது. இரண்டும் கையால் கியர் மாற்றும் கார்கள். இன்று அவற்றைத் தேடி வாங்குவது பழைய வீணையை வாங்கிப் பழுது பார்ப்பது போன்றது. இன்பமான வேலைதான், ஆனால் திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு அதை நம்பிக் கிளம்ப முடியாது. வீட்டில் இன்னொரு கார் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

அன்றாடப் பயன்பாட்டுக்கு உண்மையான தேர்வு இரண்டுதான். 2017 ஆகஸ்ட் இறுதியில் 24.62 லட்சம் ரூபாய் ஷோரூம் விலையில் வந்தது ஆர்எஸ் 230. 2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, இரண்டு கிளட்ச்சுகளோடு தானாகவே கியர் மாற்றும் ஆறு வேக டிஎஸ்ஜி கியர்பாக்ஸ். 2020இல் 35.99 லட்சத்துக்கு ஆர்எஸ் 245 வந்தது. 245 குதிரைத்திறன், 370 நியூட்டன் மீட்டர், ஏழு வேக டிஎஸ்ஜி. இந்தியா முழுவதற்கும் 200 கார்கள்தான் கொண்டுவந்தார்கள். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட முதலாவதற்கு 6.8 விநாடி, இரண்டாவதற்கு 6.6 விநாடி. இந்த 0.2 விநாடிக்காக யாரும் கூடுதல் பணம் தர வேண்டாம். 245க்குத் தர வேண்டிய காரணம் வேறு: அது பிஎஸ்-6 புகை விதிக்கு உட்பட்ட கார், வயது குறைவு, முன் சக்கரங்களுக்கு இடையே விசையைப் பகிரும் மின்னணு டிஃபரென்ஷியலும் உண்டு. மழைச் சாலையில் வளைவிலிருந்து வெளியே வரும்போது அதன் அருமை தெரியும்.

2025 அக்டோபரில் 265 குதிரைத்திறனுடன் புதிய ஆர்எஸ் 49.99 லட்சத்துக்கு வந்தது. அதுவும் 100 கார்கள் மட்டுமே. பழைய ஆர்எஸ் வைத்திருப்பவர்கள் விலையை விட்டுக்கொடுக்காததற்கு இதுவும் ஒரு காரணம். குறைந்த எண்ணிக்கையில் வந்த கார் என்பதால், விளம்பரத்தில் "அரிய கார்" என்ற சொல் தவறாமல் இருக்கும். அரிய கார் என்பது உண்மைதான். அது நல்ல கார் என்பதற்கு அதில் எந்த உத்தரவாதமும் இல்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. பலருக்கு அதுவே போதும். 2013இல் வந்த மூன்றாம் தலைமுறை ஆக்டேவியாவின் 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் வடிவமான 1.8 டிஎஸ்ஐ 180 குதிரைத்திறன் கொண்டது, ஆர்எஸ்ஸை விட எளிதில் கிடைக்கும். ஆனால் அதில் இருப்பது உலர் கிளட்ச் கொண்ட ஏழு வேக டிஎஸ்ஜி. வெப்பமும் நெரிசலும் அந்தக் கியர்பாக்ஸுக்கு ஆகாது. அந்த வகைக் கியர்பாக்ஸ் கோளாறுக்காக 2013இல் சீனாவில் ஸ்கோடாவின் தாய்க் குழுமமான ஃபோக்ஸ்வாகன் 3.8 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது. ஆர்எஸ் கார்களில் இருப்பது ஆயிலில் நனைந்த கிளட்ச். அது இன்னும் உறுதியானது. எனவே 1.8 வாங்குவதென்றால் கியர்பாக்ஸில் என்ன வேலை நடந்தது என்பதற்கு ரசீது இல்லாமல் வாங்காதீர்கள்.

உங்கள் வீட்டு ரேம்ப்

கார் தேடத் தொடங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் தினமும் போகும் வழியில் உள்ள வேகத்தடைகளையும், அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளத்துக்கு இறங்கும் சரிவையும் ஒரு முறை கவனித்துப் பாருங்கள். ஆர்எஸ் சாதாரண ஆக்டேவியாவை விடத் தாழ்வானது. நான்கு பெரியவர்கள் ஏறிய பிறகு இன்னும் தாழும். டயரின் பக்கச்சுவர் மெல்லியது. குழியில் விழுந்தால் டயர் வீங்கும், சக்கரம் வளையும்.

இதைத் தவிர்த்துப் பார்த்தால் இது அசாதாரணமாக உபயோகமான கார். டிக்கி 590 லிட்டர். பார்வைக்குச் செடான்தான், ஆனால் பின்கண்ணாடியோடு சேர்ந்து திறக்கும் கதவு. துணி துவைக்கும் இயந்திரத்தையே உள்ளே தள்ளிக்கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். பின் இருக்கையில் முதியவர்கள் சிரமமின்றி அமரலாம். நகரத்தில் லிட்டருக்கு ஒற்றை இலக்க மைலேஜ்தான் கிடைக்கும் என்று முன்பே மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பிரிப்பது

கையில் இருக்கும் மொத்தப் பணத்துக்கும் கார் வாங்காதீர்கள். பட்ஜெட்டில் ஏழில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்கிவிட்டு, மீதிக்கு வரும் காரைத் தேடுங்கள். அந்த ஒதுக்கீடு முதல் ஆண்டிலேயே கரையும். நான்கு டயர்கள் அரை லட்சத்தை ஒட்டி வரும். பிரேக் டிஸ்க், கியர்பாக்ஸ் ஆயில், சஸ்பென்ஷன் புஷ், பேட்டரி என்று ஒவ்வொன்றாக வரிசையில் நிற்கும். ஒதுக்கினால் நல்ல காரை வாங்க முடியாமல் போகிறதா? அப்படியானால் உங்கள் பட்ஜெட் ஒரு படி கீழே உள்ள காருக்கானது. இதைக் கேட்க யாருக்கும் பிடிக்காது, எனக்கும் பிடிக்கவில்லை.

காப்பீட்டுக்கும் முன்கூட்டியே விலை கேளுங்கள். கார் ஐந்து ஆண்டைத் தாண்டிவிட்டால் தேய்மானம் கழிக்காத பாலிசியைச் சில நிறுவனங்கள் தர மறுக்கும். ஒரு முகப்பு விளக்கு உடைந்தால் என்ன செலவாகும் என்று உதிரிப்பாகக் கடையில் விசாரித்தால், அந்தப் பாலிசி ஏன் முக்கியம் என்பது விளங்கும்.

காரைப் பார்க்கும் முன் காகிதம்

பலர் தலைகீழாகச் செய்வது இதைத்தான். காரைப் பார்த்துக் காதல் வயப்பட்ட பிறகு ஆவணத்தைக் கேட்டால், கண் எந்தக் குறையையும் பார்க்காது. தொலைபேசியிலேயே ஆர்.சி., நடப்புக் காப்பீடு, சர்வீஸ் வரலாறு மூன்றின் படத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். தயங்குகிறவரிடம் போக வேண்டாம்.

ஆர்.சி.யில் பார்க்க வேண்டியவை: எத்தனையாவது உரிமையாளர், கடன் கொடுத்த வங்கியின் பெயர் இருக்கிறதா, எந்த மாநிலப் பதிவு. மத்திய அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாகனில் வண்டி எண்ணைப் போட்டு அதே விவரங்கள் வருகின்றனவா என்று சரிபாருங்கள். நிலுவையிலுள்ள இ-சலான்களையும் பாருங்கள். ஒரே நெடுஞ்சாலையில் அதிவேக அபராதம் ஏழெட்டு இருந்தால், கார் எப்படி ஓட்டப்பட்டது என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி கிடையாது.

காப்பீட்டுத் தாளில் பெரும்பாலோர் கவனிக்காத வரி ஒன்று உண்டு: இழப்பீடு கோராததற்கான தள்ளுபடி. ஒரே உரிமையாளர் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கோரிக்கை எதுவும் வைக்காவிட்டால் அது 50 சதவீதம் வரை ஏறும். ஆறு ஆண்டுகளாக ஒருவரிடமே இருக்கும் காரின் பாலிசியில் அது பூஜ்யமாக இருந்தால், போன ஆண்டு ஏதோ நடந்திருக்கிறது. "சின்ன உராய்வு" என்பார். இருக்கலாம். காப்பீட்டில் சரிசெய்த பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

சர்வீஸ் வரலாற்றில் எனக்குத் தேவை மூன்றே தகவல்கள். ஆண்டுக்கு ஒரு முறை அல்லது 15,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாறியதா? ஆறு வேக டிஎஸ்ஜி என்றால் 60,000 கிலோமீட்டரில் கியர்பாக்ஸ் ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய பில் உண்டா? எந்த இடத்திலாவது கிலோமீட்டர் கணக்கு பின்னோக்கிப் போகிறதா? குறைவாக ஓடிய காரை நம்பிவிடாதீர்கள். ஏழு ஆண்டில் 18,000 கிலோமீட்டர் என்றால், வாரத்துக்கு ஒரு முறை ஸ்டார்ட் செய்து நிறுத்திய காராக இருக்கலாம். அதில் ரப்பர் எல்லாம் காய்ந்திருக்கும். முறையாகப் பராமரித்த 70,000 கிலோமீட்டர் காரை நான் அதற்கு மேலாகவே மதிப்பேன்.

வேறு மாநிலப் பதிவு என்றால் கணக்கு மாறும். டெல்லி வட்டாரத்தில் வயதான கார்களுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் அங்கே பழைய கார்களின் விலை இறங்கும். அதைப் பார்த்து இங்கிருந்து பலர் விமானம் ஏறுகிறார்கள். ஆனால் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டு ஆயுள் வரியும் கட்ட வேண்டும். 2023 நவம்பரில் அந்த வரி உயர்ந்தது. 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள புதிய காருக்கு 20 சதவீதம். பழைய காருக்கு வயதைப் பொறுத்துக் குறையும். முன்பணம் கொடுக்கும் முன் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தொகையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "மலிவாகக் கிடைத்தது" என்ற மகிழ்ச்சி அந்த ஒரு எண்ணில் கரைந்து போனதைப் பார்த்திருக்கிறேன்.

காலையில், குளிர்ந்த எஞ்சினில்

"காலை ஏழு மணிக்கு வருகிறேன், அதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முந்தைய நாளே சொல்லுங்கள். போனதும் முதல் வேலை பானெட்டைத் தொட்டுப் பார்ப்பது. சூடாக இருந்தால் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள். இன்னொரு நாள் போகலாம்.

குளிர்ந்திருந்தால் ஸ்டார்ட் செய்யும் முன் பானெட்டைத் திறங்கள். ஆயில் அளவுக் குச்சியை உருவிப் பாருங்கள். அளவு மிகக் குறைந்திருந்தால் ஒன்று கார் ஆயில் குடிக்கிறது, அல்லது உரிமையாளர் பார்ப்பதே இல்லை. கூலன்ட் தொட்டியில் திரவம் இளஞ்சிவப்பாக, குறியீட்டுக்குள் இருக்க வேண்டும். இந்த எஞ்சினில் தண்ணீர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் பிளாஸ்டிக் உறைக்குள் ஒன்றாக இருக்கும். அங்கே கசிவது பலரும் அறிந்த குறை. சொட்டுச் சொட்டாகக் கசிந்து காய்ந்து, இளஞ்சிவப்பு உப்புப் போலப் படிந்திருக்கும். டார்ச் அடித்துத் தேடினால் தெரியும். அது இருந்தால் காரை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. பழுது பார்க்கும் செலவை விலையில் கழியுங்கள்.

இப்போது ஸ்டார்ட். நீங்கள் வெளியே பானெட் அருகில் நின்று கேளுங்கள், விற்பவர் உள்ளே இருந்து சாவியைத் திருகட்டும், அல்லது பொத்தானை அழுத்தட்டும். முதல் மூன்று விநாடிகளில் உலோகம் உரசும் கடகட சத்தம் வந்தால் செயினும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் சந்தேகத்துக்குரியவை. இது லாரா காலத்து 1.8 டிஎஸ்ஐ எஞ்சினில்தான் அதிகம். அதே எஞ்சின் ஆயில் குடிப்பதற்கும் பெயர் பெற்றது. ஆர்எஸ் 230 முதலான பிந்தைய எஞ்சினில் இந்த இரண்டும் பெரிதும் குறைந்துவிட்டன. இருந்தாலும் காது கொடுத்துக் கேட்க மூன்று விநாடிதானே. புகைபோக்கியில் நீலப் புகை வருகிறதா என்று பார்க்க நண்பர் ஒருவரைப் பின்னால் நிறுத்துங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் மூடியைத் திறந்தால் லேசான இழுப்பு இருக்கும். கையைப் பிடித்து இழுப்பது போலப் பலமாக உறிஞ்சினாலோ, விசில் போல ஒலித்தாலோ, எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் வால்வின் சவ்வு கிழிந்திருக்கலாம்.

எஞ்சின் சூடேறும் நேரத்தில் உடலைப் பாருங்கள். பெயின்ட் தடிமன் பார்க்கும் கருவியை இரண்டாயிரம் ரூபாய்க்குள் வாங்கலாம். தொழிற்சாலைப் பெயின்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரான். கதவு ஒன்றில் 300 வந்தால் அது டிங்கரிங் கடைக்குப் போய் வந்த கதவு. நம் ஊரில் அது பெரிய குற்றமல்ல. கூரையிலோ, கதவுகளுக்கு இடையிலான தூண்களிலோ அந்த எண் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். முன் பக்க மட்கார்டு போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட தடம் இருக்கிறதா, எல்லாக் கண்ணாடிகளிலும் ஆண்டுக் குறியீடு ஒன்றுபோல இருக்கிறதா என்றும் பாருங்கள். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். நான்கு டயரும் நான்கு கம்பெனியாக இருந்தால், இந்த உரிமையாளர் வேறு எதில் சிக்கனம் பிடித்தார் என்று யோசியுங்கள்.

யாரோ திறந்து பார்த்த எஞ்சின்

சாதாரணக் காருக்கும் வேகக் காருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான். மாருதி வாங்கும்போது யாரும் மென்பொருளைப் பற்றிக் கேட்பதில்லை. இங்கே அதுதான் முதல் கேள்வி. இந்த எஞ்சினின் கணினியில் 'மேப்' எனப்படும் வேறு நிரலை ஏற்றினால், எந்தப் பாகத்தையும் மாற்றாமலே 230 குதிரைத்திறன் 300ஐ நெருங்கிவிடும். எனவே பலர் ஏற்றினார்கள். விற்கும்போது பழைய நிரலைத் திரும்ப ஏற்றிவிட்டு "ஒரிஜினல் கார்" என்கிறார்கள்.

நிரலை மாற்றியதே பாவம் என்று நான் சொல்லமாட்டேன். நல்ல இடத்தில் ஏற்றி, நல்ல பெட்ரோல் போட்டு, ஆயிலை முன்கூட்டியே மாற்றியவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய கார் பல ஒரிஜினல் கார்களை விட ஆரோக்கியமானது. எனக்குப் பிரச்சினை மறைப்பதில்தான். மறைக்கிறவர் வேறு எதையும் மறைத்திருப்பார். அதனால் நேரடியாகக் கேளுங்கள்: "மேப் ஏற்றியிருந்தீர்களா? யார் ஏற்றியது? எத்தனை கிலோமீட்டர் ஓடியது?" சொல்லும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். மீதிப் பாதிக்கு டீலரின் சர்வீஸ் மையம் இருக்கிறது. நிரல் மாற்றம் கண்டறியப்பட்ட கார்களுக்கு ஃபோக்ஸ்வாகன் குழுமம் தன் தரவுத்தளத்தில் 'டிடி1' என்ற குறி இடுகிறது. பழைய நிரலை ஏற்றினாலும் அந்தக் குறி போகாது.

கண்ணுக்குத் தெரியும் தடங்களும் உண்டு: காற்று வடிகட்டிப் பெட்டியின் திருகுகள் தேய்ந்திருப்பது, புகைபோக்கிக் குழாயில் புதிய வெல்டிங், புத்தம்புதுக் காற்றுக் குழாய், முன் பிரேக் டிஸ்க்கின் விளிம்பு நீலம் பாய்ந்திருப்பது. கடைசியாகச் சொன்னது இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை செட்டிபாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்த காராக இருக்கலாம். பந்தயத் தடத்தில் ஓடியதால் மட்டும் கார் கெட்டுவிடாது. பிரேக்கும் டயரும் ஆயிலும் அதற்கேற்ப மாறியிருக்கின்றனவா என்பதே கேள்வி.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். காரின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. உரத்த புகைபோக்கியோடு வாங்கினால், முதல் போலீஸ் சோதனையில் அபராதம் கட்டப்போவது முந்தைய உரிமையாளர் அல்ல. காப்பீட்டு நிறுவனமும் இழப்பீட்டை மறுக்க ஒரு சாக்காக அதைப் பிடித்துக்கொள்ளலாம். ஒரிஜினல் பாகங்களைக் கையோடு வாங்கி வையுங்கள்.

ஓட்டிப் பார்க்கும் வழி

விற்பவர் காட்டும் வழியில் ஓட்டாதீர்கள். அவர் மென்மையான சாலையாகப் பார்த்துத்தான் அழைத்துப் போவார். உங்களுக்கு வேண்டியது நாற்பத்தைந்து நிமிடம், அதில் முதல் அரை மணி நெரிசல். டிஎஸ்ஜியின் குணம் ஊர்ந்து போகும்போதுதான் வெளிப்படும். பிரேக்கிலிருந்து காலை எடுத்து, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் நகர விடுங்கள். உதறாமல் நகர வேண்டும். பாலத்தின் ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்புங்கள், சிறு சரிவில் பின்னோக்கி எடுத்துப் பாருங்கள். இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கும்போது கீழே சுத்தியல் அடித்தது போல உணர்ந்தால் கிளட்ச் அல்லது அதைக் கட்டுப்படுத்தும் மெகாட்ரானிக் பெட்டியைச் சந்தேகியுங்கள். நின்றிருக்கும்போது எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே சுழலும் ஃப்ளைவீல் பக்கமிருந்து கலகலவென்று சத்தம் வருவதும் நல்ல அறிகுறியல்ல. கியர்பாக்ஸ் நன்றாகச் சூடான பிறகு இதையெல்லாம் இரண்டாம் முறை செய்யுங்கள்.

பிறகு மோசமான சாலை. பாட்டை நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, இருபது கிலோமீட்டர் வேகத்தில் குழிகளில் இறக்குங்கள். முன்பக்கம் 'டொக்' என்றால் புஷ்ஷோ லிங்க்கோ போயிருக்கும், அது சின்னச் செலவு. திருப்பும்போது வருகிற முனகல் சக்கர பேரிங்காக இருக்கலாம். கடைசியாகத்தான் நெடுஞ்சாலை. மூன்றாம் கியரில் 2,000 சுற்றிலிருந்து முழுதாக அழுத்துங்கள். ஒரே சீராக இழுக்க வேண்டும். நடுவில் தயங்கினாலோ தும்மினாலோ ஸ்பார்க் பிளக், காயில், காற்றுக் கசிவு என்று பட்டியல் நீளும். ஆளில்லாச் சாலையில் நூறிலிருந்து பலமாக பிரேக் அடித்தால் ஸ்டியரிங் நடுங்கக் கூடாது.

கூட ஒருவரை அழைத்துப் போங்கள், இந்தக் காரின் மீது எந்த ஆசையும் இல்லாதவராக. என் மனைவி ஒரு முறை பின் இருக்கையில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில், "ஏதோ பூசணம் பிடித்த வாசம் வருகிறதே" என்றார். முன்னால் எஞ்சின் ஓசையில் மயங்கியிருந்த எனக்கு அது எட்டவேயில்லை.

அந்த வாசம்

சென்னையில் கார் வாங்குகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகக் கூடாது. 2015 டிசம்பர் வெள்ளமும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் ஆயிரக்கணக்கான கார்களை மூழ்கடித்தன. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே மக்கள் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரை நிறுத்தினார்களே, அது அந்த அனுபவம் கற்றுத் தந்த பாடம். மூழ்கிய கார்கள் ஏலத்தில் போய், உலர்ந்து, வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வேறு ஊரில் விற்பனைக்கு வரும். தாழ்வான, மின்னணுப் பெட்டிகள் நிறைந்த இப்படிப்பட்ட காருக்குத் தண்ணீர் பரம விரோதி.

சீட் பெல்ட்டை முடிவு வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கோடு அங்கே தங்கியிருக்கும். இருக்கைக்கு அடியில் உள்ள தண்டவாளத்திலும் மின் இணைப்புகளிலும் துரு அல்லது பச்சைப் படிவு இருக்கிறதா? ஸ்டெப்னி வைக்கும் குழியில் மண்? முகப்பு விளக்குக்குள் நீர்த் தடம்? தரைவிரிப்பு மட்டும் புத்தம்புதிதாக இருந்தால் அதற்குக் காரணம் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் விலகிவிடுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய காருக்குச் சரியான விலை என்று ஒன்று கிடையாது.

லிப்ட்டும் ஸ்கேனரும்

இதுவரை தேறிய காருக்குத்தான் இந்தச் செலவு. இந்தக் குழுமத்தின் கார்களை நன்கறிந்த மெக்கானிக்கிடம், அவருக்கு விற்பவரோடு எந்தத் தொடர்பும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, லிப்ட்டில் ஏற்றிப் பாருங்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் ஈரம், ஷாக் அப்சார்பரில் கசிவு, அடிப்பகுதியில் உரசிய தழும்பு, டிரைவ் ஷாஃப்ட் உறையில் கிழிசல்.

ஸ்கேனரை எல்லாக் கணினிப் பெட்டிகளுக்கும் ஓட்டச் சொல்லுங்கள், எஞ்சினுக்கு மட்டுமல்ல. இந்தக் கார்களில் ஒரு கோளாறு பதிவாகும்போது அந்த நேரத்துக் கிலோமீட்டரும் சேர்ந்தே பதிவாகும். டயலில் 61,000 காட்டும் காரில் "92,000இல் ஏற்பட்ட கோளாறு" என்று ஏதோ ஒரு மூலைப் பெட்டியில் கிடந்தால், ஓடோமீட்டரைத் திருப்பியவர் அந்த மூலையை மறந்துவிட்டார் என்று பொருள். கோளாறே ஒன்றுகூட இல்லை, எல்லாம் அன்று காலைதான் அழிக்கப்பட்டது போலத் துடைத்துவைத்தாற்போல இருந்தால், அதையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். செயின் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதையும் ஸ்கேனரில் அளவாகப் படிக்க முடியும். கேட்டால்தான் பார்ப்பார்கள், கேளுங்கள்.

பேரமும் பெயர் மாற்றமும்

பேரத்தை உணர்ச்சியால் செய்யாமல் பட்டியலால் செய்யுங்கள். டயர் இவ்வளவு, கூலன்ட் கசிவு இவ்வளவு, கியர்பாக்ஸ் ஆயில் இவ்வளவு என்று மெக்கானிக் எழுதித் தந்த தாளை நீட்டினால் நியாயமான விற்பனையாளர் இறங்கி வருவார். நல்ல காருக்கு நியாயமான விலை கேட்பவரை மேலும் நசுக்க வேண்டாம். 200 கார்களில் ஒன்று என்றால், அடுத்து வருகிறவர் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

பணம் வங்கி வழியாகத்தான். இரண்டு லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. கடன் நிலுவை இருந்தால் விற்பவரின் கணக்கில் போடாமல், அவருடைய கடன் கணக்கில் நேரடியாகச் செலுத்தி, வங்கியின் தடையில்லாச் சான்றும், ஆர்.சி.யிலிருந்து கடன் பதிவை நீக்கும் படிவம் 35உம் கைக்கு வந்த பிறகே மீதியைத் தாருங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் கையெழுத்து, இரண்டு சாவி, மாற்றம் செய்த பாகங்களின் ஒரிஜினல்கள், எல்லா பில்களும். இரண்டாவது சாவி "ஊரில் இருக்கிறது" என்றால் அது ஊரிலிருந்து வரும் வரை காத்திருங்கள்.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடுகிறவர்கள் நம்மில் அதிகம். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொன்னது. அதனால் நேர்மையான விற்பனையாளரே உங்களை அவசரப்படுத்துவார். காப்பீட்டை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பழைய உரிமையாளரின் தள்ளுபடி உங்களுக்கு வராது, அது அவரோடு போய்விடும். ஃபாஸ்டேக்கையும் மறக்காமல் புதிதாக எடுங்கள்.

முதல் வாரம்

என்ன பில் காட்டினாலும் எஞ்சின் ஆயில், ஃபில்டர்கள் இரண்டையும் மாற்றிவிடுங்கள். கியர்பாக்ஸ் ஆயிலுக்கு ரசீது இல்லையென்றால் அதையும். ஸ்பார்க் பிளக்கை ஒரு முறை கழற்றிப் பாருங்கள். பெட்ரோல் மூடியின் உட்புறத்தில் எந்த ஆக்டேன், எவ்வளவு எத்தனால் என்று அச்சிட்டிருக்கும். பங்க்கில் நிற்கும் முன் அதைப் படித்துவிடுங்கள். குறைந்தது 95 ஆக்டேன் இந்த எஞ்சினுக்கு நல்லது. சக்கர அலைன்மென்ட் செய்து, டயர் காற்றைக் காரில் ஒட்டியுள்ள தாளில் இருக்கும் அளவுக்கு நிரப்புங்கள்; மெல்லிய டயரில் காற்று குறைந்தால் அடுத்த குழியிலேயே சக்கரம் வளையும். முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு வாரம் ஒரு முறை ஆயிலும் கூலன்டும் பாருங்கள், அளவைக் குறித்து வையுங்கள்.

முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பு போட்டு, பஞ்சர் ஒட்டிய ரசீது வரை எல்லாவற்றையும் அதில் சேருங்கள். ஐந்தாறு ஆண்டு கழித்து யாராவது ஒருவர் காலை ஏழு மணிக்கு உங்கள் வாசலில் வந்து நிற்பார். அன்று அவருக்காக ஏ.சி. போட்டு வைக்காதீர்கள்.